40 டெராஃப்ளாப்ஸ்: நம்புவதா, கணக்குப் போட்டுப் பார்ப்பதா?

ஜெஞ்சாரோமில் சனிக்கிழமை இரவுகளில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்குக் கூடுதல் கணிதப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். ஒன்பதரை மணிக்கு வகுப்பு முடியும். ஆனாலும் யாரும் உடனே கிளம்புவதில்லை. வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளோ காரோ வந்து சேரும் வரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் காற்பந்து, அடுத்துப் படம், அதற்கும் அடுத்துக் கேம்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் பேச்சு சண்டையாகவே மாறியது. அடுத்து வரப்போகும் பிளேஸ்டேஷனின் கிராபிக்ஸ் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். "40 டெராஃப்ளாப்ஸ்டா! இப்ப இருக்குற பிஎஸ் 5 மாதிரி நாலு மடங்கு" என்றான் ஒருவன். "கிராபிக்ஸ் நிஜப் படம் மாதிரியே இருக்குமாம்" என்றான் இன்னொருவன். மூன்றாவது பையன் மட்டும் பேசாமல் நின்றான். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்:

"சார், நான் எட்டு மாசமா பசார் மாலாம்ல வேலை செஞ்சு 1,450 வெள்ளி சேர்த்து வெச்சிருக்கேன். இப்பவே ஒரு பழைய பிஎஸ் 5 வாங்குறதா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்குறதா?"

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்குப் பேச்சு. இவனுக்கோ எட்டு மாத உழைப்பு. அதனால் விளையாட்டாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தம்பி, முதல்ல அந்த 40-ன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. சண்டை போட்ட இருவருக்கும் தெரியவில்லை. அழித்த வெண்பலகையில் மறுபடியும் எழுதத் தொடங்கினேன். அன்று இரவு நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு?

ஊகத்துக்கு முன்னால் உண்மையைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வோம். 2025 அக்டோபரில் சோனியின் முதன்மை வடிவமைப்பாளர் மார்க் செர்னியும், சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜேக் ஹுயின்னும் சேர்ந்து ஒரு காணொளி வெளியிட்டார்கள். இரு நிறுவனங்களும் இணைந்து நடத்தும் 'பிராஜெக்ட் அமெதிஸ்ட்' என்ற ஆய்வுத் திட்டத்தைப் பற்றியது அது. மூன்று புதிய தொழில்நுட்பங்களை அதில் விளக்கினார்கள். அவை அப்போதைக்குக் கணினிப் பாவனை அளவில்தான் இருக்கின்றன என்றும், சில ஆண்டுகளில் வரும் ஒரு கன்சோலில் அவற்றைக் கொண்டுவர விரும்புவதாகவும் செர்னி சொன்னார்.

அந்தக் காணொளியில் கன்சோலின் பெயர் இல்லை, விலை இல்லை, டெராஃப்ளாப்ஸ் எண்ணிக்கையும் இல்லை. ஆக, பையன்கள் சண்டை போட்ட 40 என்ற எண், கசிந்ததாகச் சொல்லப்படும் செய்திகளிலிருந்து வந்தது. அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால், சரியாகவே இருந்தாலும் அதன் பொருள் என்ன என்பதுதான் நம் கேள்வி.

ஒரு பெருக்கல் கணக்கு

'ஃப்ளாப்ஸ்' என்பது ஒரு நொடியில் தசமப் புள்ளி எண்களைக் கொண்டு எத்தனை முறை கூட்டலோ பெருக்கலோ செய்ய முடியும் என்பதன் அளவு. 'டெரா' என்றால் ஒரு டிரில்லியன், அதாவது 1-க்குப் பின்னால் 12 பூஜ்யம். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு டிரில்லியன் கணக்கு.

இந்த எண்ணை யாரும் கருவி வைத்து அளப்பதில்லை. அது வெறும் பெருக்கல். ஏஎம்டியின் கிராபிக்ஸ் சிப்பில் 'கம்ப்யூட் யூனிட்' என்ற பகுதிகள் பல இருக்கும். ஒவ்வொன்றிலும் 64 சிறு கணக்குக் கூடங்கள். ஒவ்வொரு கூடமும் சிப்பின் ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும், அதாவது 2 கணக்கு. கடைசியாக, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதால் பெருக்க வேண்டும்.

2013-இல் வந்த பிஎஸ் 4-ஐ எடுத்துக்கொள்வோம். 18 கம்ப்யூட் யூனிட், நொடிக்கு 800 மில்லியன் துடிப்பு. 18 × 64 × 2 × 800 மில்லியன் = 1.84 டிரில்லியன். 2020-இல் வந்த பிஎஸ் 5-இல் 36 யூனிட், அதிகபட்சம் 2.23 பில்லியன் துடிப்பு. 36 × 64 × 2 × 2.23 பில்லியன் = 10.28 டிரில்லியன். அதே ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 52 யூனிட், 1.825 பில்லியன் துடிப்பு. விடை 12.15 டிரில்லியன். நிறுவனங்கள் அறிவித்த எண்களும் இவையேதான்.

பலகையில் மூன்று விடைகளும் வந்ததும் பையன்கள் அசந்துபோனார்கள். "இவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன். இவ்வளவுதான். படிவம் 1 மாணவனும் போடக்கூடிய பெருக்கல்.

ஆனால் இந்தப் பெருக்கல் சொல்வது உச்ச வரம்பை மட்டுமே. எல்லாக் கூடங்களும் ஒரு துடிப்புகூடச் சும்மா இல்லாமல் வேலை செய்தால் வரும் எண் அது. ஒரு மாமாக் கடையில் 36 அடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 36 ரொட்டி சானாயும் ஒரே நேரத்தில் வேக வேண்டுமென்றால் மாவு தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாவு வரத் தாமதமானால் அடுப்பு எரிந்துகொண்டு சும்மா கிடக்கும். சிப்புக்கு மாவு போன்றது நினைவகத்திலிருந்து வரும் தரவு. பிஎஸ் 4-இலிருந்து பிஎஸ் 5-க்கு டெராஃப்ளாப்ஸ் 5.6 மடங்கு உயர்ந்தது. நினைவக வேகமோ நொடிக்கு 176 கிகாபைட்டிலிருந்து 448 கிகாபைட்டாக, ஏறக்குறைய இரண்டரை மடங்குதான் உயர்ந்தது.

2024 நவம்பரில் வந்த பிஎஸ் 5 புரோ இதற்கு நல்ல சாட்சி. அதில் கம்ப்யூட் யூனிட் 60. பிஎஸ் 5-ஐவிட 67 விழுக்காடு அதிகம். நினைவக வேகம் 28 விழுக்காடு அதிகம். படம் வரையும் வேகம் எவ்வளவு கூடும் என்று சோனியே அறிவித்தது தெரியுமா? 45 விழுக்காடு வரை. அடுப்பு கூடியதற்கும் மாவு கூடியதற்கும் இடையில் எங்கோ நின்றுவிட்டது.

எண்கள் ஏமாற்றிய கதைகள்

2005-இல் நான் படிவம் 5. அந்த ஆண்டு மே மாதம் பிஎஸ் 3-ஐ அறிமுகப்படுத்தியபோது அதன் மொத்தத் திறன் 2 டெராஃப்ளாப்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் சொல்லப்பட்டது 1 டெராஃப்ளாப்ஸ். "இரண்டு மடங்கு, பேசவே வேண்டாம்" என்று வகுப்பில் நான் போட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று வாசலில் சண்டை போட்ட பையன்களைப் பார்க்கும்போது என்னையே பார்ப்பது போலத்தான் இருந்தது.

இப்போது மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2013-இல் வந்த பிஎஸ் 4-இன் எண் 1.84. அப்படியானால் பிஎஸ் 4, பிஎஸ் 3-ஐவிடத் திறன் குறைந்ததா? இரண்டையும் விளையாடியவர்களுக்குத் தெரியும், பிஎஸ் 4 பல படி முன்னால் இருந்தது. 2005-இன் எண்ணில், நிரலாளர் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாத, சிப்பிலேயே பதிந்துவைத்த வேலைகளும் சேர்த்து எண்ணப்பட்டிருந்தன. ஒரே பெயர், இரண்டு வேறு எண்ணும் முறை. 2005-இல் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அண்மையிலும் இது நடந்தது. 2024 தொடக்கத்தில் பிஎஸ் 5 புரோவின் திறன் 33.5 டெராஃப்ளாப்ஸ் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. கன்சோல் வந்தபோது அறிவிக்கப்பட்ட எண் 16.7. சரியாகப் பாதி. காரணம் என்ன? 2022-இல் வந்த ஏஎம்டியின் புதிய கிராபிக்ஸ் சிப்கள், சில சூழல்களில் மட்டும் ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளைச் செய்யும். அதை வைத்து 2-க்குப் பதிலாக 4-ஆல் பெருக்கினால் எண் இரட்டிப்பாகிவிடும். உண்மை விளையாட்டில் வேகம் அப்படி இரட்டிப்பாவதில்லை.

எண் சரியாகவே இருந்தும் கதை தோற்றதுண்டு. 2019 மார்ச்சில் கூகல் 'ஸ்டேடியா' என்ற இணையவழி விளையாட்டுச் சேவையை அறிவித்தது. மேடையில் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தவர் நம் சுந்தர் பிச்சை. ஸ்டேடியாவின் திறன் 10.7 டெராஃப்ளாப்ஸ். அன்றைய பிஎஸ் 4 புரோவையும் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸையும் கூட்டினாலும் அதைவிடக் குறைவு. ஆனால் 2023 ஜனவரியில் அந்தச் சேவை மூடப்பட்டது. போதுமான விளையாட்டுகளும் விளையாடுபவர்களும் சேரவில்லை.

அப்படியானால் படம் எப்படி அழகாகிறது?

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரையைப் பிக்சல் கணக்கில் பாருங்கள். முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். 4கே திரையில் 3840 × 2160, அதாவது 8,294,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு.

பிஎஸ் 5-இன் 10.28 டிரில்லியனை 60-ஆல் வகுத்து, பிறகு 8,294,400-ஆல் வகுங்கள். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 20,600 கணக்கு கிடைக்கும். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு புள்ளியின் நிறத்தைத் தீர்மானிக்க, அங்கே என்ன பொருள் இருக்கிறது, அதன் மேற்பரப்பு எப்படிப்பட்டது, எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது, நிழல் எங்கே என்று எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

வெளிச்சம் எவ்வளவு கடினம் என்பது ஜெஞ்சாரோம்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டுக் காலத்தில் நம் டோங் ஸென் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். எங்கு பார்த்தாலும் விளக்குகள். மழை பெய்த இரவென்றால் ஈரத்தரையிலும் அவையே தெரியும். சிவப்பு விளக்கின் கீழே நிற்பவரின் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாக மாறும். இதைக் கணினியில் உண்மையாகக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே பட்டு, எங்கே திரும்புகிறது என்று பின்தொடர வேண்டும். அதற்குப் பெயர்தான் 'ரே டிரேசிங்'. 20,600 கணக்கு அங்கே கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இதற்கு இப்போது கண்டுபிடித்திருக்கும் வழி, எல்லாப் புள்ளிகளையும் வரையாமல் இருப்பது. முழு எச்டி அளவில் கால் பங்குப் புள்ளிகளை மட்டும் கவனமாக வரைந்து, மீதியைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்புகிறார்கள். என்விடியா நிறுவனம் இதை 'டிஎல்எஸ்எஸ்' என்கிறது. சோனி தன் பிஎஸ் 5 புரோவில் 'பிஎஸ்எஸ்ஆர்' என்கிறது. 2025 ஜூன் 5-இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2 என்விடியாவின் முறையைப் பயன்படுத்துகிறது. 2020-இல் 'சைபர்பங்க் 2077' வெளிவந்தபோது பிஎஸ் 4 அதைச் சுமக்க முடியாமல் திணறியது. அந்த விளையாட்டைச் சோனி தன் இணையக் கடையிலிருந்து ஆறு மாதம் நீக்கியே வைத்தது. அதே விளையாட்டு, கையில் பிடித்து விளையாடும் சுவிட்ச் 2-இல் முதல் நாளே வந்தது.

அடுத்த கன்சோல்: என் ஊகம்

இனி நானும் ஊகிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பது நம் வகுப்பு விதி.

முதல் ஊகம்: வெறும் கணக்குத் திறன் பழையபடி ஐந்து, ஆறு மடங்கு தாவாது. சிப்பில் உள்ள கூறுகளைச் சிறிதாக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. 2013-இல் பிஎஸ் 4-இன் அமெரிக்க விலை 399 டாலர். 2024-இல் பிஎஸ் 5 புரோ 699.99 டாலர், அதுவும் வட்டுப் பேழை இல்லாமல். இதற்கு மேல் விலை ஏறினால் வாங்குபவர்கள் குறைவார்கள் என்பது தயாரிப்பவர்களுக்கும் தெரியும்.

இரண்டாம் ஊகம்: முன்னேற்றம் ஒளியிலும் செயற்கை நுண்ணறிவிலும் வரும். அமெதிஸ்ட் காணொளியில் சொன்ன மூன்றில் ஒன்று, ஒளிக்கதிர்களைப் பின்தொடர்வதற்கென்றே தனிப் பகுதி. இன்னொன்று, பல கம்ப்யூட் யூனிட்களை இணைத்து ஒரே செயற்கை நுண்ணறிவு இயந்திரம் போல இயக்குவது. இவை தரும் பலன் டெராஃப்ளாப்ஸ் எண்ணில் முழுமையாகத் தெரியாது.

மூன்றாம் ஊகம்: நினைவகத்துக்காகப் பெரும் சிரமம் எடுப்பார்கள். காணொளியில் சொன்ன மூன்றாவது தொழில்நுட்பம், சிப்புக்குள் ஓடும் தரவைச் சுருக்கி அனுப்புவது. மாமாக் கடைக்கு மாவை வேகமாகக் கொண்டுவரும் ஏற்பாடுதான் அது.

இந்த மூன்றும் தவறாகப் போகலாம். தவறினால் எந்தக் காரணம் தவறியது என்று பின்னால் போய்ப் பார்க்க முடியும். காரணம் இல்லாத 40-ஐ அப்படித் திருத்த முடியாது.

எண்ணில் வராத ஒன்று

கிராபிக்ஸ் என்றாலே சிப் என்று நினைப்பது பாதி உண்மைதான். மீதியை மனிதர்கள் செய்கிறார்கள்.

'வெண்பா' என்ற விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் சமைக்க முயலும் கதை. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. தட்டையான இரு பரிமாண ஓவியங்கள்தான். ரே டிரேசிங் இல்லை. 2017-இல் வந்த பழைய சுவிட்ச்சிலேயே சுகமாக ஓடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருது அதற்குக் கிடைத்தது. பையன்களில் ஒருவன், "எங்க பாட்டி வீட்டு அடுப்படி மாதிரியே இருக்கு சார்" என்றான், கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. 2020-இல் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' மறுபதிப்பின் ஓவியங்களைப் புதுப்பித்தது சிலாங்கூரில் இயங்கும் லெமன் ஸ்கை நிறுவனம். அதே ஆண்டு வெளிவந்த 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்ற இசை விளையாட்டை உருவாக்கிய மெட்ரோனோமிக் நிறுவனத்தை, ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டஸி 15'-இல் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய வான் ஹஸ்மர் தன் உறவினர் தயிம் ஸியாவுடினுடன் சேர்ந்து தொடங்கினார். சோனியே 2020-இல் கோலாலம்பூரில் தன் விளையாட்டு உருவாக்கக் கூடம் ஒன்றைத் திறந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து இவை எட்டாத தூரத்தில் இல்லை.

அங்கே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சேதி. திரையில் ஒரு பாத்திரம் திரும்பிப் பார்க்கும்போது அதன் ஒவ்வொரு புள்ளியையும் நகர்த்துவது மேட்ரிக்ஸ். அது படிவம் 5 கணிதத்தில் இருக்கிறது. வெளிச்சம் எந்தத் திசையில் போகிறது என்று சொல்வது வெக்டர். அது படிவம் 4 கூடுதல் கணிதத்தில் இருக்கிறது. ஒளி எப்படித் திரும்புகிறது என்பது இயற்பியல். "இதெல்லாம் எதுக்கு சார் படிக்கிறோம்?" என்று என்னிடம் அதிகம் கேட்டவர்கள், அன்று வாசலில் கிராபிக்ஸுக்காகச் சண்டை போட்ட அதே இருவர்தான். படம் வரையும் கை இருந்தால் ஓவியத் துறையிலும் இடம் உண்டு. 'பிளெண்டர்', 'கோடோ' போன்ற மென்பொருள்கள் இலவசம். சாதாரண மடிக்கணினியில் தொடங்கலாம்.

பழையது எங்கே போகும்?

இன்னொரு கணக்கும் உண்டு. புதியது வந்ததும் பழையதை என்ன செய்வீர்கள்? 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபோது, வெளிநாட்டுக் குப்பை நம் ஊருக்கு வந்து குவிந்தது. அனுமதியில்லாத ஆலைகள் இரவில் எரித்த புகையை ஜெஞ்சாரோம் மக்கள் சுவாசித்தார்கள். ஊரார் புகார் கொடுத்துப் போராடிய பிறகே அவை மூடப்பட்டன. யாரோ எங்கோ தூக்கி எறிந்தது நம் வாசலில் வந்து விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கன்சோலை ஓர் எண்ணுக்காக ஓரங்கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். தேவையில்லையென்றால் வேறொருவருக்குக் கொடுங்கள். கெட்டுப்போனால் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை

அந்தப் பையனிடம் அன்று இரவு நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. இரண்டு வேலை மட்டும் கொடுத்தேன். ஒன்று, வீட்டுத் தொலைக்காட்சி எத்தனை புள்ளி என்று பார்த்து வர வேண்டும். இரண்டு, அந்த 40-ஐப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வர வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டான். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்கு இருந்தது. நொடிக்கு 2.5 பில்லியன் துடிப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறான். 40 டிரில்லியனை 64-ஆலும், 2-ஆலும், 2.5 பில்லியனாலும் வகுத்தால் 125 கம்ப்யூட் யூனிட்.

"பிஎஸ் 5 புரோலயே 60 தான் சார். 125 போட்டா விலை எங்க போகும்? அதனால 2-க்குப் பதிலா 4 போட்டுப் பார்த்தேன். 62.5 வருது. அரை யூனிட் இருக்காது, ஆனா 60 பக்கத்துல வருதே. அப்படின்னா இந்த 40-உம் ரெட்டிப்பா எண்ணுனதுதான் சார். பழைய கணக்குல 20 தான்."

நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2005-இல் எனக்குத் தோன்றாத கேள்வி இவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் வைத்துக்கொண்ட 2.5 சரியா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த எண்ணை ஊகித்தான், ஏன் ஊகித்தான் என்று அவனால் சொல்ல முடிகிறது. அந்த 20-க்குள்ளும் ஒளிக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமான தனிப் பகுதிகள் அடங்காது, ஆகவே படம் வெறும் இரண்டு மடங்குதான் நன்றாக இருக்கும் என்றும் முடிவு கட்டக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"சரி, தொலைக்காட்சி?"

"முழு எச்டி தான் சார். 4கே போட்டாலும் நம்ம வீட்டுல முழுசா தெரியாது." பிறகு அவனே சொன்னான்: "வீட்டுல அண்ணனோட பிஎஸ் 4 இருக்கு. எஸ்.பி.எம். முடியட்டும் சார். அதுவரைக்கும் காசு வங்கியிலயே இருக்கட்டும். கன்சோலா மடிக்கணினியான்னு அப்புறம் பார்க்குறேன்."

மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் கைப்பேசி. "சார், இப்ப 48 டெராஃப்ளாப்ஸாம்!" என்றான். 1,450 வெள்ளிக்காரன் சிரித்துக்கொண்டே மார்க்கர் பேனாவை அவனிடம் நீட்டினான்.

"வா, பலகையில போட்டுக் காட்டு."